மூக்கில்லாத வண்டி

மகள் வாங்கி அனுப்பிய மின்சாரக் காரைச் சுற்றிச் சுற்றி வந்து குறை சொன்னார் நல்லசிவம். முன்பக்கத்தில் கிரில்லே இல்லை; பூஜை மாலையைக் கட்டக்கூட ஒரு கம்பி கிடையாது.

"வண்டின்னா மூச்சு விடோணும், உறுமோணும். இதென்ன, மூக்கில்லாத மூஞ்சி!"

பழைய காரின் பெட்ரோல் வாசனை அவருக்கு மல்லிகை மாதிரி. மனைவி பங்கயத்துக்கோ அது பட்டாலே குமட்டும். கல்யாணமான நாளிலிருந்து பின்சீட்டில் கண்ணை இறுக்க மூடி, எலுமிச்சம்பழத்தை மூக்கோடு வைத்துக்கொண்டுதான் வருவாள். வாயைத் திறக்க மாட்டாள். இன்றும் பழத்தோடு வந்தாள். மகள் சொன்னாளே என்று முன்சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: "ஏனுங்க, இன்னும் கெளம்பலீங்களா?"

கார் அப்போது ஊரைத் தாண்டியிருந்தது.

"கண்ணத் தொறந்து பாரு, பங்கயம்."

பார்த்தாள். "அட, மலை இத்தன கிட்டத்துலயா இருக்குது!"

அப்புறம் வழி நெடுக அவள்தான் பேசினாள். குறை சொல்ல வைத்திருந்ததையெல்லாம் மறந்துவிட்டு அவர் கேட்டுக்கொண்டே ஓட்டினார்.

வீடு திரும்பியதும், "இனி இது எதுக்குங்க, நாளைக்கு எலுமிச்சஞ்சோறு கிளறீரலாம்" என்று பழத்தோடு சமையலறைக்குப் போனாள்.

ஓடி வந்த வண்டியின் பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது நல்லசிவத்தின் வழக்கம். வைத்தார். சூடே இல்லை. ஆனாலும் வெகுநேரம் கையை எடுக்கவில்லை.