சிவப்பு ஃபோல்டர்

"ஏன்னா, சாப்பிட வாங்கோ. தட்டு போட்டாச்சு."

"இரு வைதேகி. சிவப்பு ஃபோல்டர்ல இன்னும் ரெண்டு மெயில் இருக்கு. ஜாயின்ட் செக்ரட்டரி கேட்டா நான் என்ன சொல்றது?"

கஸ்தூரிரங்கன் பதில் எழுதி, இரண்டையும் பச்சை ஃபோல்டருக்குத் தள்ளினார். முடிக்க வேண்டியவை சிவப்பில், முடிந்தவை பச்சையில். வைதேகி செய்துகொடுத்த ஏற்பாடு அது.

"அச்சா, எல்லாம் முடிஞ்சுது. நாளைக்கு லீவு போடறேன். நீ ஆசைப்பட்ட மாதிரி லோதி கார்டன் போகலாம்."

"சரின்னா. கை அலம்பிண்டு வாங்கோ."

அவர் எழுந்து போனதும், நெட் இணைப்பு இல்லாததால் அவுட்பாக்ஸிலேயே நின்றிருந்த அவருடைய பதில்களை எல்லாம் வைதேகி அழித்தாள். பச்சையில் இருந்த பழைய மெயில்களை மறுபடியும் சிவப்புக்கு மாற்றினாள். நேற்றும் அவர் இவற்றுக்குத்தான் பதில் எழுதினார். நேற்றும் லோதி கார்டன் போகலாம் என்றார்.

ரிடையரானதையே அவர் மறந்து இரண்டு வருடமாகிறது. சிவப்பு காலியாக இருந்த ஒருநாள் ஆபீஸுக்கென்று கிளம்பிப் போனவரை, மாலையில் போலீஸ்தான் கரோல் பாக் வீட்டுக்கு அழைத்து வந்தது.

கையைத் துடைத்துக்கொண்டே வந்தவர், "நாளைக்கு எங்கேயோ போகலாம்னு சொன்னேனே, எங்கே?" என்றார்.

"எங்கேயும் இல்லேன்னா. நாளைக்கு நிறைய வேலை இருக்குன்னு சொன்னேள்" என்று சாதத்தைப் பரிமாறினாள் வைதேகி.