யாரும் சொல்லாமல்

அமீர்பேட் ஷேர் ஆபீசில் ஏசி துடைத்துக்கொண்டிருந்தேன். ஷேரை வாங்கிய நொடியே அதைப் பின்னொரு தேதியில் விற்கும் ஒப்பந்தமான பியூச்சரை விற்று, கணக்கையும் தானே முடிக்கிற கம்ப்யூட்டர், அன்று வாங்கிக்கொண்டே போனது. விற்கவே இல்லை.

"கோடிக்கணக்குல போகுது. நிறுத்துங்க சார்!" என்று அலறினார் சுபாஸ்ரீ மேடம்.

"நீயே அதை நிறுத்துற சிவப்புப் பட்டனை அமுக்கு" என்றார் மானேஜர் சுதர்சன் சார்.

"நக்கோ சார், நான் மாட்டேன்! அமுக்கினவங்கதான் நஷ்டத்துக்குப் பொறுப்பும்பாங்க. வேலை போயிடும்."

சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். "பெரியவரே, அதைக் கொஞ்சம் அமுக்குங்க."

துணியை வைத்துவிட்டு அமுக்கினேன். எல்லாம் நின்றது.

அரைமணியில் அவரே ஒரு தாளும் மைப்பெட்டியும் கொண்டுவந்தார். "உங்களுக்காகத் தமிழ்லயே எழுதியிருக்கேன். கம்பெனியைக் காப்பாத்தினதுக்குப் பாராட்டு. கைநாட்டு வைங்க."

தாளைப் பார்த்தேன்.

"பேனா குடுங்க சார்."

"பேனா எதுக்குப் பெரியவரே?" என்று சிரித்தபடி கொடுத்தார்.

போன வருஷம் நான் முதியோர் வகுப்புக்குப் போய்த் தமிழ் எழுதப் படிக்கக் கற்றது அவருக்குத் தெரியாது.

‘யாரும் சொல்லாமல் நான்தான் நிறுத்தினேன்’ என்றிருந்தது. முதல் இரண்டு வார்த்தைகளை அடித்தேன். மேலே எழுத்துக் கூட்டி எழுதினேன்: ‘சுதர்சன் சார் சொல்லி.’

பிறகு கையெழுத்துப் போட்டேன்.