வட்ட முத்திரை

மின்ஸ்க்கில் அர்காதி நடத்திய மிட்டாய் ஆலையை அரசாங்கம் பிடுங்கி மூன்று வருடமாகிறது. அதை மீட்க ஐந்தாவது முறையாக நீதிமன்றப் படியேறினார்.

"கம்பெனி முத்திரை எங்க?" என்றாள் குமாஸ்தா லரீசா. "வட்ட முத்திரை இல்லாம மனு வாங்க மாட்டாங்க, அர்காதி இல்யிச்."

"ஆலையோட சேத்து அதையும்தானே அள்ளிட்டுப் போனாங்க, தாயே!"

அவளுக்கே பாவமாக இருந்தது. "குடுங்க, உள்ள கேட்டுப் பாக்குறேன்."

பத்து நிமிடத்தில் திரும்பினாள். மனுவின் அடியில் அவருடைய முத்திரையேதான். மை கூடக் காயவில்லை.

அர்காதிக்குக் கண் கலங்கியது. "நீ நல்லா இருக்கணும்மா! எங்கிருந்து புடிச்ச?"

"உங்க ஆலைக்கு அரசாங்கம் போட்ட புது டைரக்டர் ஜட்ஜ் ரூம்ல டீ குடிச்சிட்டிருக்காரு. அவரு பையிலதான் இருந்துச்சு." லரீசா நிமிரவில்லை. "முத்திரைக்கு மேல ஒரு வரி எழுதியிருக்காரு. படிச்சிருங்க."

'கம்பெனி இந்த மனுவை வாபஸ் பெறுகிறது.'