பியூலாவுக்கு ஒரு செய்தி

ரத்த வங்கிக்கு வராமல் போன கொடையாளர்களை மறுபடி அழைக்கும் குறுஞ்செய்திகளை எழுதுவது பியூலாவின் வேலை. முதலில் பெயர், பிறகு ஒரே ஒரு வேண்டுகோள்; படிக்கிறவருக்குத் தன்னை மட்டும் கூப்பிடுவதாகத் தோன்ற வேண்டும். ஒவ்வொன்றையும் தன் பெயர் போட்டுத் தன் கைப்பேசிக்கு அனுப்பிச் சரிபார்ப்பாள். அதில் வேறு செய்திகள் அநேகமாக வருவதில்லை.

"பியூலா, உங்களைப் பார்த்து ரொம்ப நாளாச்சு. ஞாயிற்றுக்கிழமை முகாமுக்கு வருவீங்களா? காத்திருப்போம்."

இந்த முறை பெயரை மாற்ற மறந்துவிட்டாள். நாலாயிரம் பேருக்கும் அப்படியே போய்விட்டது.

"என்ன மேடம், ஊர்ல இருக்கிற எல்லாரையும் பியூலா ஆக்கிட்டீங்க?" என்று கத்தினார் மேலாளர் தயாபரன். "உடனே மன்னிப்புக் கேட்டு ஒண்ணு அனுப்புங்க."

அனுப்பினாள். அதன் பிறகும் பதில்கள் வந்துகொண்டிருந்தன. ராங் நம்பர். நான் பியூலா இல்லைங்க. யாரு அது பியூலா? சரியான பெயரோடு அனுப்பியபோதெல்லாம் இத்தனை பேர் பேசியதில்லை.

ஞாயிறு சாயங்காலம் முகாம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அலுவலகக் கணினியில், பெயரில்லாத ஒரு எண்ணிலிருந்து புதிதாக ஒன்று வந்திருந்தது.

"பியூலா வந்துட்டாங்களா? சேதி எனக்கு வந்திடுச்சு, அவங்களுக்குப் போயிருக்காது. யாராவது அவங்ககிட்ட சொல்லிடுங்க, பாவம்."

பியூலா, "சொல்லிட்டோங்க" என்று பதில் தட்டினாள். பிறகு வழக்கம்போல, சரிபார்க்க, முதலில் தன் எண்ணுக்கு அனுப்பினாள்.

மேசைமேல் கைப்பேசி அதிர்ந்தது. அவள் அதை உடனே எடுக்கவில்லை.