ஒரு கைக்கு வேண்டிய நீலம்

பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்பின் அடுப்படியில், ஆவி பறக்கும் பானையிலிருந்து கம்பளி நூலை அகப்பைக் காம்பால் தூக்கிப் பார்க்கிறாள் பிலோமினா. நீலமாக வரவேண்டியது பாசி பிடித்த கிணற்றுச் சுவராக வந்திருக்கிறது. தம்பி ஸ்டானிஸ்லாஸ் பெங்களூர்க் குருமடத்தில் பாதிரியாருக்குப் படிக்க நாளைக்குக் கப்பல் ஏறுகிறான். அங்கத்திய குளிருக்கு அவள் பின்னும் நீல ஸ்வெட்டரில் இடது கை பாக்கி. நீல நூல் தீர்ந்துபோக, வெள்ளை நூலுக்குச் சாயம் ஏற்றுகிறாள். சாயம் பிடிக்க வினிகர் ஊற்றச் சொல்லியிருந்தான் பாசார்ச் சந்தையில் சாயம் விற்ற கடைக்காரன். வினிகர் முழுக்க நேற்றைய வழியனுப்பு விருந்தின் பன்றிக்கறிக்குள் போய்விட்டது; புளிப்புதானே வேண்டும் என்று புளியைக் கரைத்து ஊற்றிவிட்டாள். நூல் சாயத்தையும் குடித்துவிட்டது, புளியையும் விட்டுவைக்கவில்லை. பேரம் படியாத துணியைப் புரட்டுவதுபோல வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். எந்தப் பக்கமும் நீலம் இல்லை.

“கடுகு தாளிச்சா சோத்துக்கு ஊத்திக்கலாம்க்கா,” என்று பானைக்குள் எட்டிப் பார்க்கிறான் தம்பி.

“வாய மூடுடா! கறிய மறுபடி மறுபடி கேட்டு வாங்கித் தின்னது யாரு?”

அவன் இடது கையை நீட்டுகிறான். “இதுலயே பின்னு. மேல அங்கி போட்டுக்கிட்டா யாருக்குத் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியுமேடா.”

கொதிக்கும் நூலை வெறுங்கையால் முறுக்கிப் பிழிகிறாள். சூடு அவளுக்கு உறைக்கவே இல்லை.