ரெண்டு பத்து வளையல்

ஜெசிந்தாவின் கதைப்பலகை தினமும் அவளை அளந்து, அதே உடம்பைத் தன் திரையில் எழுதும் கதையின் கதாநாயகிக்குக் கொடுக்கும்.

கல்யாணமான புதிதில் அவள் தொண்ணூற்றெட்டு கிலோ. அப்போது கதையில் ஓர் இளவரசன் வளையலோடு வீடு வீடாக அலைந்தான். கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பதிலேயே பெரிய அளவு, ரெண்டு பத்து. அது சேரும் கைக்காரிதான் ராணி. ஒல்லிக் கைகளிலிருந்தெல்லாம் கழன்று விழுந்தது. கதாநாயகிக்கு மட்டும் சோப்பு போட்டு ஏற்ற வேண்டியிருந்தது. "இவதான்!" என்று இளவரசன் கத்தும் இடம் வந்தால், கூட உட்கார்ந்து வாசிக்கும் கணவன் அமல் கைதட்டுவான்.

ஒரு வருடச் சிகிச்சையில் ஜெசிந்தா நாற்பத்தொரு கிலோவாகிவிட்டாள். கண்ணும் மங்கிவிட்டதால், ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து அமல்தான் வாசிக்கிறான்.

"சோப்பு போட்டு ஏத்துனாங்க. இறுக்கமா உக்காந்துச்சு. 'இவதான்!'னு இளவரசன் கத்துனான்."

"ஏங்க, அப்படியா போட்டிருக்கு?"

"அப்படித்தான் போட்டிருக்கு, ஜெசி."

அவள் அவன் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். "இன்னொரு தடவ வாசிங்க."

பலகையில், கதாநாயகியின் கையிலிருந்தும் கழன்று விழுந்த வளையலைப் பொறுக்கிக்கொண்டு இளவரசன் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டிருந்தான்.

அமல் முதலிலிருந்து வாசித்தான்.