ஜெனிட்டாவின் மக்கு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், மனிதகுலத்தின் அறிவுப் பயணத்தில் புதிய விடியலாக, நமது டிஜிட்டல் பொறியியல் கல்லூரியில் இனி மாணவர்கள் பரீட்சை எழுத மாட்டார்கள். ஒவ்வொருவரும் ஓர் இயந்திர மாணவனுக்குப் பாடம் நடத்துவார்கள். பரீட்சையை அது எழுதும். அது வாங்கும் மார்க்கே இவர்கள் மார்க்.

கல்லூரி முதல்வர் இப்படி முழங்கி இரண்டு வருடமாகிறது. கடைசி வருட ஜெனிட்டாவின் இயந்திரம், பிள்ளைகள் பாஷையில் ‘மக்கு’, கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடத்தில் இரண்டு முறை ஃபெயில். இன்னொரு தடவை கவிழ்ந்தால் அவளுக்குப் பட்டம் கிடையாது. தொண்டைத் தண்ணீர் வற்ற நடத்தினாள். அத்தனையும் கேட்டுவிட்டு அது, “அக்கா, இது பரீட்சைக்கு வருமா?” என்றது.

ரிசல்ட் வந்தது. மக்கு எண்பத்தேழு வாங்கியிருந்தது. உடனே முதல்வர் கூப்பிட்டனுப்பினார்.

“ஏம்மா, உன் மக்கு பக்கத்து மெஷினைப் பார்த்துக் காப்பி அடிச்சிருக்கு. நீ சொல்லிக்கொடுத்தியா?”

“சத்தியமா இல்ல சார். நான் பாடம் மட்டுந்தான் நடத்தினேன்.”

“அப்ப தானாவே கத்துக்கிட்டதா?” முதல்வர் எழுந்தே நின்றுவிட்டார். “சுயமாகக் கற்றல்! குழுவாகச் செயல்படுதல்! நம்ம பாடத்திட்டத்தோட உச்ச லட்சியமே இதானம்மா! பாஸ், பாஸ்!”

ஜெனிட்டாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வராந்தாவிலிருந்தே அப்பாவுக்குப் போன் போட்டாள்.

“அப்பாடா!” என்றார் அவர். “நம்ம தெருவுல நீ ஒருத்திதாம்ட்டி இன்ஜினியர் ஆவாம கெடந்த.”

கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் அவளுக்கும் மக்குக்கும் இன்றுவரை புரியவில்லை.